அல்ட்ரா வைடு லென்ஸில் ஃபில்டர் மாட்டினால் என்ன ஆகும்?

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தை முதன்முதலாகப் படம் எடுத்தபோது, ஒரே படத்தில் மூன்று சொதப்பல்களைச் செய்து முடித்தேன். காலை ஏழு மணி இருக்கும். கையில் புதிதாக வாங்கிய 10-20 மி.மீ. லென்ஸ். வாங்கும்போதே கடைக்காரர், “முன்கண்ணாடி கீறிடுச்சுன்னா அவ்வளவுதான் சார், ஒரு யூவி போட்டுக்கங்க” என்று புற ஊதா ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைத் தலையில் கட்டியிருந்தார். வானம் நல்ல நீலமாக வரட்டும் என்று அதன் மேலேயே ஒரு போலரைசரையும் திருகினேன். வடக்குப் பார்த்து நின்று, சுவர் முழுவதும் அடங்கும்படி 10 மி.மீ.யில் வைத்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், நாலு மூலையிலும் கரி அப்பியது போலக் கறுப்பு. வானத்தின் நடுவில் லேசாகச் சாய்ந்த ஒரு கருநீலத் தூண், அதன் இரண்டு பக்கமும் வெளிறிய நீலம். இது போதாதென்று கடல் காற்றில் வந்து ஒட்டிய உப்புத் துளி ஒன்று, பாசிப்பயறு அளவுக்கு மங்கலான வட்டமாக இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

எடுக்கும்போது மூலைக் கறுப்பு ஏன் கண்ணில் படவில்லை என்று பிறகுதான் புரிந்தது. என்னிடம் இருந்த தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை), சென்சார் பதிவதில் 95 சதவீதத்தைத்தான் காட்டும். மீதி ஓரங்கள் கண்ணுக்கு வராமலேயே படத்தில் விழும். மூலைக் கறுப்பு இருப்பது சரியாக அந்த ஓரங்களில்தான்.

அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வைடு லென்ஸ் வாங்கியவர்கள் யாராவது “என்ன ஃபில்டர் வாங்கலாம்?” என்று கேட்டால், முதலில் அதைத்தான் காட்டுவேன். அதில் தெரியும் பெரிய கோளாறுகள் இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: லென்ஸுக்குள் ஒளி சாய்ந்து நுழைகிறது. ஃபில்டரைச் செய்கிறவர்கள் அது என்ன செய்யும் என்று டப்பாவில் எழுதுவது, நேராக வரும் ஒளியை மனதில் வைத்து. அல்ட்ரா வைடு லென்ஸில் படத்தின் நடுப்பகுதிக்கு மட்டும்தான் ஒளி நேராக வருகிறது.

எவ்வளவு அகலம்?

ஃபுல் ஃப்ரேம் என்று சொல்லப்படும் சென்சாரின் நீளம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. அந்தக் குட்டைப் பக்கத்தைவிட, அதாவது 24 மி.மீ.யைவிட, ஃபோகல் லெங்த் (லென்ஸின் மேல் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்) குறைவாக இருந்தால் அதை அல்ட்ரா வைடு என்பது பொதுவான வழக்கம். மூலைக்கு மூலை அளந்தால் 50 மி.மீ. லென்ஸ் 47 டிகிரி பார்க்கும். 24 மி.மீ. 84 டிகிரி பார்க்கும். 16 மி.மீ.க்கு 107, 14 மி.மீ.க்கு 114. கீழே போகப்போக ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விலை கூடும். 16க்கும் 14க்கும் நடுவே இரண்டு மி.மீ.தானே என்று நினைக்க வேண்டாம், சின்ன அறைக்குள் நின்று எடுத்துப் பார்த்தால் தெரியும்.

பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது ஃபுல் ஃப்ரேம் இல்லை, அதைவிடச் சின்ன ஏ.பி.எஸ்.-சி. சென்சார். நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் ஃபோகல் லெங்த்தை 1.5ஆல் பெருக்க வேண்டும், கேனான் என்றால் 1.6ஆல். என் 10 மி.மீ. அப்படித்தான் 15 மி.மீ.க்குச் சமம், 110 டிகிரி. கேமராவே இல்லாதவர்களும் இந்த அகலத்தைப் பார்த்திருப்பார்கள். மொபைலில் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதேதான். 2019இல் வந்த ஐஃபோன் 11இன் அகலக் கேமரா 13 மி.மீ.க்குச் சமமானது, 120 டிகிரி பார்க்கும்.

இவ்வளவு அகலம் பார்ப்பதால் வரும் இன்னொரு விளைவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்யாண மேடையில் குரூப் போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் முகம் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல அகன்றிருக்கும். லென்ஸ் மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை. நேர்க்கோடு நேர்க்கோடாகவே விழவேண்டும் என்றால், சாய்ந்து வரும் பொருள் தட்டையான சென்சாரில் நீண்டுதான் விழும். அதைச் சரிசெய்ய ஃபில்டர் கிடையாது. சித்தப்பாவை நடுவில் நிறுத்துவதுதான் வழி.

மூலைக் கறுப்பு

பழைய வீடுகளின் தடித்த மண் சுவரில் ஒரு சின்னச் சன்னல் இருக்கும். நேராகப் பார்த்தால் எதிர்வீடு முழுசாகத் தெரியும். தெருக்கோடியைப் பார்க்க வேண்டுமென்றால் சுவரின் கனம் மறைக்கும். சன்னலின் அகலம் அதேதான், ஆனால் சாய்வாகப் பார்க்கும் பார்வையைச் சுவர் வெட்டுகிறது. ஃபில்டரைச் சுற்றியிருக்கும் உலோக வளையம் செய்வதும் இதே வேலைதான்.

கணக்காகவே பார்க்கலாம். 15 மி.மீ. லென்ஸின் மூலைக்குப் போகும் ஒளிக்கதிர் 55 டிகிரி சாய்வில் வருகிறது. வளையம் 1 மி.மீ. முன்னால் நீண்டால், அந்தக் கதிர் தப்பிக்க ஏறக்குறைய 1.4 மி.மீ. வெளியே தள்ளி நுழைய வேண்டும். இரண்டு ஃபில்டர் சேர்ந்து 10 மி.மீ. நீண்டால் 14 மி.மீ. தள்ள வேண்டும். தள்ள இடமில்லை, வளையம்தான் இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸில் இதே 10 மி.மீ.க்கு 4 மி.மீ.யே போதும், அதனால்தான் கேமராவோடு வரும் கிட் லென்ஸில் இரண்டு மூன்று ஃபில்டரை அடுக்கிப் பழகியவர்கள் வைடு லென்ஸில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆக, அகல லென்ஸில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபில்டர். போலரைசர் மாட்டுவதென்றால் யூவியைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். மெலிந்த வளையம் உள்ள ‘ஸ்லிம்’ வகையை வாங்கலாம். ஆனால் சில ஸ்லிம் ஃபில்டர்களில் முன்பக்கம் மரை இருக்காது, லென்ஸ் மூடி அதில் நிற்காது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, லென்ஸ் 77 மி.மீ. என்றால் 82 மி.மீ. ஃபில்டர் வாங்கி, நடுவில் அளவைப் பெரிதாக்கும் ஸ்டெப்-அப் வளையம் ஒன்றைப் போடுவது. சன்னலையே பெரிதாக்குவது போல. இதில் ஒரு தொந்தரவு: லென்ஸோடு வந்த ஹூட், அதாவது ஓர வெயிலை மறைக்கும் முகப்பு வளையம், பெரும்பாலும் மாட்ட முடியாது.

உங்கள் லென்ஸில் கறுப்பு விழுகிறதா என்று பார்க்க வெள்ளைச் சுவர் போதும். ஃபில்டரை மாட்டி, ஜூமை மிக அகலத்தில் வைத்து, அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 16க்குச் சுருக்கி ஒரு படம் எடுங்கள் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). திறந்த அபெர்ச்சரில் எடுத்தால் லென்ஸின் சொந்த மங்கலும் வளையத்தின் நிழலும் கலந்துவிடும். அபெர்ச்சரைச் சுருக்கினால் லென்ஸின் மங்கல் குறையும், வளையத்தின் நிழல் இன்னும் கூர்மையாகத் தெரியும். அப்புறம் 11, 12 என்று ஜூமை நகர்த்தி, எங்கே கறுப்பு மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் லென்ஸில் ஒரு போலரைசரோடு 11 மி.மீ. வரை போகலாம்.

வானத்தில் முளைத்த தூண்

போலரைசர் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சன்னல் கம்பிகளையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு உதறுங்கள். மேலும் கீழுமாக அசையும் அலை தாண்டிப் போகும், பக்கவாட்டு அலை கம்பியில் முட்டி நின்றுவிடும். சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தண்ணீரிலோ இலையிலோ பட்டுத் தெறித்த ஒளியும், வானத்தில் சிதறிய நீல ஒளியும் பெருமளவு ஒரே திசையில் அதிரும். ஃபில்டரைச் சுழற்றினால் அந்த ஒளியை மட்டும் தடுக்கலாம். ‘சர்க்குலர் போலரைசர்’ என்று எழுதியிருப்பது ஃபில்டர் வட்டமாக இருப்பதால் இல்லை. உள்ளே நுழைந்த ஒளியைச் சுழல் அதிர்வாக மாற்றும் ஒரு ஏடு பின்னால் ஒட்டியிருக்கிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபோகஸும் லைட் மீட்டரும் குழம்பாமல் இருக்க அது தேவைப்பட்டது.

இனி வானம். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கும் பகுதியில்தான் வான ஒளி மிக அதிகமாக ஒரே திசையில் அதிர்கிறது. சூரியனை நெருங்கினாலும், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனாலும் அது குறைந்துவிடும். அந்த 90 டிகிரிப் பட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கையே போதும். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் துப்பாக்கி போல நீட்டுங்கள். ஆள்காட்டி விரல் சூரியனைக் காட்டட்டும். அப்படியே மணிக்கட்டைச் சுழற்றினால், கட்டைவிரல் வானத்தில் எங்கெல்லாம் போகிறதோ அதுதான் பட்டை.

50 மி.மீ. லென்ஸ் இந்தப் பட்டைக்குள்ளேயே அடங்கிவிடும், வானம் ஒரே சீராகக் கறுக்கும். 15 மி.மீ. லென்ஸ் இடமிருந்து வலம் 100 டிகிரி பார்க்கிறது. பட்டையையும் பார்க்கும், பட்டை இல்லாத இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும். நான் எடுத்த படத்தில் சூரியன் கிழக்கே தாழ்வாக இருந்தது. பட்டை வடக்கு அடிவானத்திலிருந்து எழும்பி, உச்சிக்குச் சற்று மேற்கே தள்ளி, தெற்கே இறங்கியிருக்கிறது. வடக்குப் பார்த்து நின்ற எனக்கு அது இடப்பக்கம் சாய்ந்த தூணாகக் கிடைத்தது. சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி எழுந்திருந்ததோ, தூணும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சாய்ந்திருக்கும். ஃபில்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. வானத்தில் இருப்பதை அது அப்படியே காட்டியிருக்கிறது.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. சித்திரை பிறந்த சில நாட்களில், நண்பகலில் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். அப்போது 90 டிகிரிப் பட்டை அடிவானத்தை ஒட்டி ஒட்டியாணம் போலச் சுற்றி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வானத்தின் அடிப்பகுதி ஒரே அளவில் கறுக்கும், தூண் வராது. அந்த வெயிலில் படம் எடுக்க யார் போவார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் கோடை மதியத்தில்தான் வேலை என்று மாட்டிக்கொண்டால் இது கைகொடுக்கும்.

அப்படியானால் அகல லென்ஸில் போலரைசர் வேண்டவே வேண்டாமா? வானம் படத்தில் இல்லையென்றால் தாராளமாக வேண்டும். அருவிக்கரை, மழை பெய்து முடிந்த காடு, ஈரப் பாறை, பளபளக்கும் இலைகள் என்று எடுக்கும்போது போலரைசர் செய்வதைக் கணினியில் செய்ய முடியாது. இலை மேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு போய்விட்டால் அடியில் இருக்கும் பச்சை வெளியே வரும். குளத்தை எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். தண்ணீரின் பிரதிபலிப்பு முழுதாக நீங்குவது நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான். அகல லென்ஸ் காலடியையும் பார்க்கும், எதிர்க்கரையையும் பார்க்கும். நடுவில் ஒரு திட்டில் மட்டும் தரை தெரிந்து, மற்ற இடமெல்லாம் கண்ணாடியாகப் பளபளக்கும். பிடித்திருந்தால் அதையே படமாக்கலாம். எனக்குப் பிடிக்கும்.

இருட்டுக் கண்ணாடி

என்.டி. ஃபில்டர் என்பது கேமராவுக்குப் போடும் கூலிங் கிளாஸ். நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும். ஆறு ஸ்டாப் ஃபில்டர் 64இல் ஒரு பங்கையும், பத்து ஸ்டாப் ஏறக்குறைய 1000இல் ஒரு பங்கையும் உள்ளே விடும். விடிந்த பிறகு கடற்கரையில் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 30இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஸ்டாப் போட்டால் 2 நொடி, பத்து ஸ்டாப் போட்டால் 33 நொடி. இரண்டு நொடியில் பாறையைச் சுற்றித் திரும்பும் அலை, நூல் நூலாகப் பதியும். 33 நொடியில் கடலே பனிமூட்டமாகிவிடும்.

இங்கேயும் சாய்வுதான் வம்பு. வாழைக்காயைக் குறுக்கே நேராக நறுக்கினால் வட்ட வில்லை வரும், கத்தியைச் சாய்த்தால் நீள வில்லை வரும். காய் அதேதான், கத்தி கடக்கும் தூரம் கூடிவிட்டது. ஒளியும் அப்படித்தான். இருட்டு நிறம் உள்ளேயே கலந்த கண்ணாடியை நேராகக் கடக்கும் கதிரைவிட, சாய்ந்து கடக்கும் கதிர் அதிகக் கண்ணாடியைத் தாண்டுகிறது. 55 டிகிரியில் வரும் கதிர் கண்ணாடிக்குள் நுழைந்ததும் 33 டிகிரிக்கு வளையும். அது கடக்கும் தூரம் நேர்க்கதிரைவிட 19 சதவீதம் அதிகம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் பத்து ஸ்டாப்பில் 19 சதவீதம் என்றால் இரண்டு ஸ்டாப்! படத்தின் நடுவே பத்து ஸ்டாப், மூலையில் பன்னிரண்டு. லென்ஸ் தானாக மூலையை மங்கலாக்குவது தனி. 50 மி.மீ. லென்ஸில் இதே ஃபில்டர் மூலையில் அரை ஸ்டாப்கூட வித்தியாசம் காட்டாது.

கணினியில் மூலையின் வெளிச்சத்தைத் தூக்கிவிடலாம், ஆனால் இரண்டு ஸ்டாப் தூக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வெளியே வரும். அதனால் அகல லென்ஸுக்கு முதல் என்.டி.யாக ஆறு ஸ்டாப்பைத்தான் சொல்வேன். மூலையில் கூடுவது ஒரு ஸ்டாப் சொச்சம்தான். அதோடு, அகலக் கோணத்தில் முன்னால் ஒரு பாறை, பின்னால் அலை என்று எடுக்கும்போது அலைக்குக் கொஞ்சமாவது உருவம் இருந்தால்தான் படத்தில் உயிர் இருக்கும். 33 நொடி வெண்புகைப் படங்கள் இணையத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

திருகத் திருக இருட்டு கூடும் வேரியபிள் என்.டி.யை அகல லென்ஸுக்கு வாங்க வேண்டாம். அது முதுகோடு முதுகாக வைத்த இரண்டு போலரைசர்கள். சாய்ந்த ஒளிக்கு இரண்டும் வேறு வேறு கோணத்தில் தெரியும். கடைசி அளவுக்குத் திருகினால் படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி ஒன்று விழும். வீடியோ எடுப்பவர்கள் 35, 50 மி.மீ.யில் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

முட்டைக்கண் லென்ஸ்கள்

இதுவரை சொன்னது ஃபில்டர் மாட்ட மரை இருக்கும் லென்ஸ்களைப் பற்றி. சில அல்ட்ரா வைடு லென்ஸ்களில் மரையே இருக்காது. முன்கண்ணாடி முட்டைக் கண் போலப் பிதுங்கி வெளியே நிற்கும். 2007இல் வந்த நிக்கானின் 14-24 எஃப் 2.8 இந்த வகையில் பேர்போனது. ஒரு கிலோவை ஒட்டிய எடை.

ஏன் அப்படிப் பிதுங்க வேண்டும்? எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடுகிறது, அதற்கு இடம் விட வேண்டும். நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 46.5 மி.மீ. இடைவெளி. 14 மி.மீ. லென்ஸ் என்றால் சாதாரணமாக அது சென்சாருக்கு 14 மி.மீ. கிட்டே இருந்தாக வேண்டும். போக இடமில்லை. அதனால் முன்னால் ஒரு பெரிய குழிவில்லைத் தொகுதியைப் போட்டு ஒளியை விரித்து, பின்னால் குவிக்கிறார்கள். பிரான்சில் பியேர் ஆன்ழெனியூ 1950இல் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை இப்படிச் செய்து ‘ரெட்ரோஃபோகஸ்’ என்று பெயர் வைத்தார். அவருடைய வணிகப் பெயர் பிறகு இந்த வகை முழுவதற்கும் பெயராகிவிட்டது. கோணமும் அபெர்ச்சரும் கூடக்கூட, முன்கண்ணாடி பெரிதாகி வெளியே பிதுங்கியது.

மரை இல்லாத லென்ஸுக்கும் ஃபில்டர் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களுக்காக, ஃபில்டர் செய்யும் லீ நிறுவனம் அந்த 14-24ஐ மனதில் வைத்தே 150 மி.மீ. அகலச் சதுரத் தட்டுகளைத் தாங்கும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. சாதாரண அகல லென்ஸுக்கு 100 மி.மீ. தட்டு போதும். 150 என்பது கிட்டத்தட்டச் சாப்பாட்டுத் தட்டைக் கேமராவில் மாட்டுவது போலத்தான். விலையும் அதற்கேற்ப. காற்றடிக்கும் கடற்கரையில் அது பாய்மரம் மாதிரி இழுக்கும், டிரைபாடை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மிரர்லெஸ் வந்ததும் கதை மாறியது. ஆடும் கண்ணாடி இல்லை என்பதால் நிக்கானின் இசட் மவுண்டில் இடைவெளி 16 மி.மீ.தான். 2019இல் வந்த இசட் 14-30 எஃப் 4 லென்ஸில், 14 மி.மீ.யிலிருந்தே 82 மி.மீ. ஃபில்டரை நேராகத் திருகலாம், எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அடுத்த ஆண்டு வந்த இசட் 14-24 எஃப் 2.8இல் ஹூட்டின் மேல் 112 மி.மீ. ஃபில்டரை மாட்டலாம், எடை 650 கிராம். தொடக்கக்காரர் ஒருவர் இயற்கைக் காட்சிக்காக முதல் அல்ட்ரா வைடு வாங்கப் போகிறார் என்றால், எஃப் 2.8க்கு ஆசைப்படாமல் மரை உள்ள எஃப் 4 ஒன்றை வாங்குவதே என் விருப்பம். நட்சத்திரம் எடுப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

முன்னால் மாட்ட முடியாவிட்டால் பின்னால் மாட்டலாம் என்பதும் பழைய யோசனை. கேனானின் 11-24 போன்ற லென்ஸ்களின் பின்புறத்தில் மெல்லிய ஜெலட்டின் தாளை வெட்டிச் செருக ஒரு பிடிப்பு இருக்கும். ரெட்ரோஃபோகஸ் லென்ஸில் பின்பக்கம் ஒளி அவ்வளவு சாய்வாகப் போவதில்லை, அதனால் என்.டி.யின் மூலை இருட்டும் குறையும். ஆனால் பின்னால் கண்ணாடி வைத்தால் அதன் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு ஃபோகஸ் தள்ளிப்போகும். 1 மி.மீ. கண்ணாடிக்கு மூன்றில் ஒரு மி.மீ. அகல லென்ஸுக்கு அது பெரிய தூரம். ஃபில்டரைப் போட்ட பிறகுதான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஃபில்டரை மாட்டுவதற்கும் அகற்றுவதற்கும் லென்ஸையே கழற்ற வேண்டும் என்பதால், மணல் பறக்கும் இடத்தில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

நூறு வருடத்துக்கு முந்தைய காற்றாடி

அகல லென்ஸுக்கு ஃபில்டர் என்றாலே தொல்லை என்று படலாம். அகல லென்ஸுக்காகவே பிறந்த ஃபில்டர் ஒன்றும் உண்டு. பெர்லினில் கெர்ட்ஸ் நிறுவனம் 1900இல் ஹைப்பர்கான் என்ற லென்ஸைக் கொண்டுவந்தது. எமில் ஃபான் ஹோக் வடிவமைத்தது. கோலிக்குண்டு போல எதிரெதிராக வைத்த இரண்டே இரண்டு வில்லைகள், 130 டிகிரிக்கும் மேல் பார்க்கும். இப்படிச் சமச்சீரான லென்ஸில் மூலைக்குப் போகும் ஒளி படுவேகமாகக் குறையும். 55 டிகிரி சாய்வில், நடுவில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்கு அவர்கள் செய்த வைத்தியம், லென்ஸின் முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிக் காற்றாடி. ரப்பர் பந்தை அழுத்திக் காற்று ஊதினால் அது சுழலும். சுழலும்போது நடுவே அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் மறைக்கும். படம் பதியும் நேரத்தில் பெரும்பகுதி அதைச் சுற்றவிட்டு, கடைசியில் மடக்கிவிட்டு, நடுவுக்கும் கொஞ்சம் ஒளி கொடுப்பார்கள்.

1969இல் ஸைஸ் நிறுவனத்தின் 15 மி.மீ. ஹோலோகான் லென்ஸ் வந்தபோது, இதே வேலையைக் கண்ணாடியே செய்தது. நடுவில் இருட்டாக, ஓரத்துக்குப் போகப்போகத் தெளிவாகும் வட்ட ஃபில்டர். அதை மாட்டினால் எஃப் 8 லென்ஸ் எஃப் 16 போல இருட்டாகிவிடும். இன்றைய லென்ஸ்களில் இந்த வேலையில் பாதியை ரெட்ரோஃபோகஸ் வடிவமும், மீதியைக் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளும் பார்த்துக்கொள்கின்றன.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்பாதி இருட்டாகவும் கீழ்பாதி தெளிவாகவும் இருக்கும் கிராஜுவேட்டட் என்.டி., விடியலில் வெளிறிப்போகும் வானத்தைக் கட்டுப்படுத்த உதவும். ஆனால் அந்தக் கோடு நேர்க்கோடு. நடுவே ஒரு கோபுரமோ தென்னையோ நீட்டிக்கொண்டிருந்தால் அதன் தலையும் கறுக்கும். கேமராவை டிரைபாடில் வைத்து, வானத்துக்கு ஒன்று தரைக்கு ஒன்று என்று இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துக் கணினியில் சேர்ப்பதே இப்போது எனக்கு வசதியாக இருக்கிறது.

யூவி ஃபில்டர் பிலிம் காலத்துச் சரக்கு. டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே புற ஊதா ஒளியைத் தடுக்கும் ஏடு இருக்கிறது. உப்புக் காற்றும் மணலும் இருக்கும் இடத்தில் அதை வெறும் காப்புக் கண்ணாடியாக மாட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. கேனானின் சில வைடு ஜூம்களில், தூசும் நீரும் புகாமல் இருக்க முன்னால் ஃபில்டர் ஒன்று மாட்டியாக வேண்டும் என்று கேனானே சொல்கிறது. ஆனால் இரவில் கழற்றிவிடுங்கள். பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் நாலு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். தேர்த் திருவிழா விளக்குகளை எடுத்தால், படத்தின் மறுகோடியில் தலைகீழாக இன்னொரு வரிசை விளக்கு மங்கலாக மிதக்கும். அகல லென்ஸில் ஏதாவது ஒரு விளக்கோ சூரியனோ சட்டத்துக்குள் வராமல் இருப்பதே அபூர்வம்.

அந்த உப்புத் துளியை மறந்துவிட்டேனே. குட்டையான ஃபோகல் லெங்த், சுருங்கிய அபெர்ச்சர் இரண்டும் சேர்ந்தால், ஃபில்டரின் மேல் இருக்கும் தூசுகூட ஓரளவு ஃபோகஸுக்குள் வந்துவிடும். 200 மி.மீ. லென்ஸில் கரைந்து காணாமல் போகும் துளி, 10 மி.மீ.யில் எஃப் 16இல் வட்டமாக உட்காரும். கடற்கரையில் எஃப் 8, எஃப் 11ஓடு நிறுத்திக்கொண்டு, நாலு படத்துக்கு ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுவது நல்லது. உப்பு காய்ந்திருந்தால் முதலில் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் துடைப்பதே கீறலாகிவிடும்.

அப்புறம், மெலிந்த வளையங்களில் விரலுக்குப் பிடிப்பு இல்லாததால் மாட்டிய ஃபில்டர் கழற்ற வராமல் போவது சகஜம். விளிம்பை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வளையம் நீள்வட்டமாக நசுங்கி இன்னும் இறுகும். வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைப் போட்டு, விளிம்பு முழுவதும் சமமாகப் படும்படி லேசாகத் திருப்பினால் வந்துவிடும். கொத்தமல்லிக் கட்டோடு வருமே, அந்த ரப்பர் பேண்டே போதும். என் கேமராப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் எப்போதும் இரண்டு கிடக்கும்.